உங்களுக்குத் தெரியுமா? பனியில் விழுந்த நீல நிழல்

நிழலுக்குக் கறுப்போ சாம்பலோ பூசித்தான் பலருக்கும் கை பழகியிருக்கும். பிரெஞ்சு ஓவியர் குளோட் மொனே 1868-69 குளிர்காலத்தில், நார்மண்டிக் கடலோரம் எத்ரெத்தா ஊர்ப்பக்கம் தீட்டிய ‘மேக்பை’ ஓவியத்தில் வேலியின் நிழல் நீலமாகக் கிடக்கிறது!

கற்பனை இல்லை, இயற்பியல்தான். வேலி மறைப்பது நேர் வெயிலை மட்டுமே. வானத்திலிருந்து சிதறி வரும் ஒளி நிழலுக்குள்ளும் விழுகிறது. தெளிந்த வானம் நீலம். கீழே விரிந்திருப்பதோ, வருகிற நிறத்தை அப்படியே திருப்பிக் காட்டும் வெண்பனி. வெயில் படும் பனியிலும் மொனே வெறும் வெள்ளையோடு நிற்கவில்லை, இளமஞ்சள் சாயலைக் கலந்தார். அந்த மஞ்சளுக்குப் பக்கத்தில் நீலம் இன்னும் தூக்கலாகத் தெரியும்.

படத்தில் ஆளே கிடையாது. படல்மேல் மேக்பை என்னும் காக்கைக் குடும்பப் பறவை ஒன்று, அவ்வளவுதான். படத்தின் ஒரே அடர்கறுப்பு அதுதானோ என்று தோன்றும்.

1869இல் இந்த ஓவியம் பாரிஸின் அரசுக் கண்காட்சியான சலோனுக்குப் போனது, நடுவர்கள் தள்ளிவிட்டார்கள். மொனே போன்ற ஓவியர்களுக்கு ‘இம்ப்ரெஷனிஸ்ட்’ என்ற பெயர் பிறக்க அப்போது இன்னும் ஐந்து ஆண்டுகள் இருந்தன. ஓவியம் இப்போது பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.