ஆப்பை அழித்தால் சந்தா அழியாது

ப்ளே ஸ்டோரில் ஏதாவது ஓர் ஓடிடி ஆப்பின் பக்கத்தில் கீழே இறங்கி, ஒற்றை ஸ்டார் போட்டவர்கள் எழுதியதைப் படித்துப் பாருங்கள். ஒரு ரூபாய் என்று சொல்லிவிட்டுச் சில நூறுகளை எடுத்துவிட்டார்கள், ஆப்பை நீக்கிய பிறகும் மாதாமாதம் பணம் போகிறது, கஸ்டமர் கேரில் ஆளே கிடைப்பதில்லை. புலம்பல் பெரும்பாலும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். ஒவ்வொன்றின் கீழும் நிறுவனத்தின் பெயரில் ஒரே அச்சில் வார்த்த வருத்தச் செய்தி ஒட்டப்பட்டிருக்கும். எழுதியவருக்குக் கோபம் தணிந்திருக்கலாம்; பணம் திரும்பியிருக்காது. ஸ்டார் போடுவதைச் சட்டம் புகாராக எடுத்துக்கொள்வதில்லை. ஆப்பை நீக்குவதைச் சந்தா ரத்தாக வங்கி எடுத்துக்கொள்வதில்லை.

பணம் எந்த வழியாகப் போகிறது என்று முதலில் பார்ப்போம். ‘ஏழு நாள் சோதனைக்கு 1 ரூபாய்’ விளம்பரத்தைத் தட்டி, யுபிஐ பின் போடும்போது நாம் கொடுப்பது அந்த ஒரு ரூபாயை மட்டும் அல்ல. இனி இத்தனை நாளுக்கு ஒருமுறை, இந்த உச்சவரம்புக்குள், என் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்ற ஒப்புதலையும் சேர்த்துக் கொடுக்கிறோம். ஆட்டோபே மேண்டேட் என்பது இதுதான். ஒளித்துவைத்த விஷயம் என்றும் சொல்ல முடியாது. அதிகபட்சத் தொகை, மாதக் கணக்கா வாரக் கணக்கா, எந்தத் தேதிவரை செல்லும் என்பதெல்லாம் ஒப்புதல் கேட்கும் அந்தத் திரையிலேயே இருக்கும். கண் ஒரு ரூபாயில் நின்றுவிடுகிறது, விரல் பின்னை அடித்துவிடுகிறது. அந்தத் திரையில் பத்து விநாடி நிற்கப் பழகுவதுதான் இந்த விவகாரத்தில் இருப்பதிலேயே மலிவான பாதுகாப்பு.

கொடுத்த ஒப்புதலுக்கு ரிசர்வ் வங்கி கடிவாளம் போட்டிருக்கிறது. 2019-இல் கார்டுகளுக்கு வந்து, பிறகு யுபிஐக்கும் விரிந்த இந்த விதிகள், 2021 அக்டோபர் 1 முதல் கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தன. முதல்முறை பதிவு செய்யும்போது ஓடிபியோ பின்னோ கட்டாயம். அதன்பிறகு 15,000 ரூபாய் வரையிலான சந்தாத் தொகையை மறுபடி கேட்காமலே எடுக்கலாம். ஆனால், எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பாக வங்கி தகவல் அனுப்ப வேண்டும்: யார் எடுக்கிறார்கள், எவ்வளவு, எப்போது, எதற்காக. அந்த ஒரு தவணையை மட்டுமோ மொத்த மேண்டேட்டையுமோ மறுக்கும் வசதியும் அதனுடனே வர வேண்டும். எடுத்த பிறகு இன்னொரு தகவல். கொடுத்த ஒப்புதலை எந்த நேரத்திலும் ஆன்லைனிலேயே திரும்பப் பெறும் வசதியை வங்கி தந்தாக வேண்டும். இதற்கெல்லாம் வாடிக்கையாளரிடம் கட்டணம் வாங்கக் கூடாது. லோன் வேண்டுமா, ஆஃபர் வேண்டுமா என்று குவியும் குப்பைக்கு நடுவே இந்த எஸ்எம்எஸ் வருவதால் பலரும் அதைப் படிப்பதே இல்லை. படித்தால், பணத்தைக் காப்பாற்ற ஒரு முழு நாள் கையில் இருக்கிறது.

ரத்து செய்யும் இடம், சந்தாவை எங்கே கட்டினோம் என்பதைப் பொறுத்தது. கூகுள் ப்ளே வழியாகக் கட்டியிருந்தால், ப்ளே ஸ்டோரில் நம் படத்தைத் தட்டி, சப்ஸ்க்ரிப்ஷன்ஸ் பகுதியில் நிறுத்த வேண்டும். ஐபோன்காரர்களுக்கு செட்டிங்ஸில் அதேபோன்ற பகுதி. ஓடிடி நிறுவனத்திடமே நேராகக் கட்டியிருந்தால், அவர்களுடைய கணக்குப் பக்கத்தில். யுபிஐ மூலம் என்றால், ஜிபே, போன்பே என எந்த ஆப்பில் ஒப்புதல் கொடுத்தோமோ அதில் ஆட்டோபே பட்டியல் இருக்கும். கார்டு என்றால் வங்கியின் நெட்பேங்கிங். நிறுவனத்திடமும் நிறுத்திவிட்டு, பணம் போகும் குழாயையும் அடைப்பது நல்லது. மேண்டேட்டை மட்டும் வெட்டினால் போதாத இடமும் உண்டு: மாதாமாதம் கட்டும் கட்டணம்போலத் தெரியும், உள்ளே ஓராண்டு ஒப்பந்தமாக இருக்கும். மென்பொருள் சந்தாக்களில் இது அதிகம். இடையில் விலகினால் வாங்கும் கட்டணத்தை மறைத்தார்கள் என்று அடோபி மீது அமெரிக்க அரசு 2024-இல் வழக்கே போட்டது.

சேர ஒரு தட்டு, விலக ஒன்பது தட்டு என்பது தற்செயலாக அமைவதில்லை. அமேசான் ப்ரைமிலிருந்து விலகும் வழிக்கு அந்த நிறுவனத்துக்குள்ளேயே ‘இலியட்’ என்று பெயர் வைத்திருந்தார்கள் என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2023-இல் தொடுத்த வழக்கில் சொன்னது. முடிவில்லாமல் இழுக்கும் ட்ராய் போரைப் பாடும் கிரேக்கக் காவியம் அது. பெயர் சூட்டியவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்கிறது. அந்த நகைச்சுவைக்கு விலையும் இருந்தது. 2025 செப்டம்பரில் 250 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டு அமேசான் சமரசம் செய்துகொண்டது. அதில் 150 கோடி வாடிக்கையாளர்களுக்குத் திரும்ப வேண்டிய பணம்.

இப்படிப்பட்ட திரைத் தந்திரங்களுக்கு டார்க் பேட்டர்ன் என்று பெயர். நம் நாட்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் 13 வகைகளைப் பட்டியலிட்டுத் தடை செய்கின்றன. ரத்து பொத்தானை மறைப்பதும், ரத்து வழியைச் சிக்கலாக்குவதும், இலவசச் சேவைக்கே ஆட்டோபே கேட்டு வற்புறுத்துவதும் ‘சந்தாப் பொறி’. வேண்டாம் என்று தட்டுகிறவரைக் குற்ற உணர்வுக்கு ஆளாக்கும் வாசகங்கள், கேட்காத ஒன்றைக் கூடையில் சேர்ப்பது, கடைசித் திரையில் மட்டும் கூடுதல் கட்டணத்தைக் காட்டுவது ஆகியவையும் பட்டியலில் உண்டு. முன்கூட்டியே டிக் போட்ட பெட்டியை வாடிக்கையாளரின் சம்மதமாகக் கொள்ளக் கூடாது என்று 2020-இன் மின்வணிக விதிகளும் சொல்கின்றன. அவை டிஜிட்டல் பொருள்களுக்கும் பொருந்தும்.

விளம்பரம் இல்லாத சேவை என்று நம்பி வாங்கியதில் பாதியில் விளம்பரம் புகுவதை என்ன செய்வது? இந்தியாவில் ப்ரைம் வீடியோ 2025 ஜூன் 17 முதல் விளம்பரங்களைக் கொண்டுவந்து, அவை வேண்டாம் என்பவர்களிடம் ஆண்டுக்கு 699 ரூபாய் கூடுதலாகக் கேட்டது. விதிமுறைகளில், சேவையை மாற்றும் உரிமை எங்களுக்கு உண்டு என்ற ஒரு வரி எல்லா நிறுவனங்களிடமும் தயாராக இருக்கும். அதனால் என் கட்சி இது: ஓடிடிக்கு ஆண்டுச் சந்தா வேண்டாம். மாதச் சந்தா கணக்கில் கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் அடுத்த மாதமே வெளியேறும் வாய்ப்பு நம் கையில் இருக்கிறது.

இனி ஆபத்தான பகுதி. பணம் போன பதற்றத்தில் கஸ்டமர் கேர் எண்ணைக் கூகுளில் தேடாதீர்கள். மோசடிக்காரர்கள் அங்கே போலி எண்களைப் பரப்பிவைத்துக் காத்திருக்கிறார்கள். ரீஃபண்ட் அனுப்புகிறோம் என்று சொல்லி, திரையைப் பகிரும் ஆப்பை இறக்கச் சொல்வார்கள், இல்லையென்றால் பின் போடச் சொல்வார்கள். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் ஒருபோதும் தேவையில்லை. நூற்றுக்கணக்கில் போனதைத் தேடி ஆயிரக்கணக்கில் இழப்பது இங்கேதான். அப்படி நடந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். வங்கிக்கும் அந்த நிமிடமே சொல்லுங்கள். ஓடிபியைக் கொடுத்தது நம் தவறாகவே இருந்தாலும், வங்கிக்குச் சொன்ன பிறகு நடக்கும் இழப்பு நம்மைச் சேராது.

தகராறு சந்தாவோடு மட்டும் என்றால், முதல் புகார் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு. அவருடைய பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்திலேயே போட்டிருக்க வேண்டும். 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும் என்பது விதி. சாட்டில் பேசினால் ரோபோ பதில் சொல்லும், தடயமும் மிஞ்சாது, மின்னஞ்சலே மேல். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி மையம், எண் 1915, தமிழிலும் பேசலாம். அது நிறுவனத்தோடு பேசிப் பார்க்குமே தவிர, உத்தரவு போடாது. மேண்டேட்டை ரத்து செய்த பிறகும் பணம் எடுக்கப்பட்டாலோ, 24 மணி நேர முன்தகவல் வராமல் போனாலோ, கேள்வி கேட்க வேண்டியது வங்கியை. 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் போகலாம், தகவலுக்கு 14448. படத்தில் ஆபாசம், குழந்தைகளுக்கு ஒவ்வாத காட்சி என்பது முற்றிலும் வேறு வழி: 2021-இன் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஓடிடியின் குறைதீர் அலுவலர் 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும். இரண்டையும் ஒரே கடிதத்தில் கலந்தால் இரண்டுமே தேங்கும்.

உத்தரவு போடும் இடம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டத்தின்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். நிறுவனம் மும்பையில் இருக்கிறது என்று தயங்க வேண்டியதில்லை. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை, இ-ஜாக்ருதி தளம் வழியாக வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். தவறு நடந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். 299 ரூபாய்க்கு யார் வழக்குப் போடுவார்கள் என்ற நம் கணக்கு நிறுவனத்துக்கும் தெரியும். ஆகவே மனுவில் 299-ஐ மட்டும் கேட்காமல், மன உளைச்சலுக்கான இழப்பீட்டையும் வழக்குச் செலவையும் தனித்தனியாகக் கேளுங்கள். கூடவே ரத்து செய்த திரையின் ஸ்க்ரீன்ஷாட், பணம் எடுத்த எஸ்எம்எஸ், குறைதீர் அலுவலருக்கு எழுதிய மின்னஞ்சல், அவரிடமிருந்து வந்த பதில். பதிலே வரவில்லை என்றால் அதையும் மனுவில் ஒரு வரியாக எழுதுங்கள்.