இறங்குதுறையில் தொடங்கும் விருந்து

ஊருக்குப் புறப்படுதல் ஒன்று. ஊரைச் சேர்தல் மற்றொன்று. நிலத்திலே செல்வோர்க்கு இவ்விரண்டின் இடைவெளி பெரிதாகத் தோன்றுவதில்லை. ஒரு வண்டி தவறினால் அடுத்த வண்டி உண்டு. அதுவும் தவறினால் கால்கள் உண்டு. தீவுக்குச் செல்பவன் நிலை அத்தகையதன்று. அவனைக் கடல் கடத்திவிட ஒருவர் வேண்டும். ஆதலால் தீவிலே விருந்தோம்பல் என்பது பள்ளியறையிலே தொடங்குவதன்று, இறங்குதுறையிலே தொடங்குவது. மாலைதீவில் ஆறு நாள் தங்கியதனால் யான் தெளிந்த உண்மை இது.

மாலைதீவு நமக்கு அயல்நாடு. கொழும்பிலிருந்து விமானத்தில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். நம் அடுக்களையிலே சம்பலுக்குச் சுவையூட்டும் மாசிக்கருவாடு அத்தீவுகளுக்கே பெயர்போனது. அவர்கள் பேசும் திவேஹி மொழி சிங்களத்துக்கு நெருங்கிய உறவு. வளையமாய் அமைந்த பவளத்தீவுக் கூட்டத்தை உலகத்தார் 'அற்றோல்' என்கின்றனரே, அச்சொல்லும் திவேஹி மொழி உலகுக்கு ஈந்த கொடையேயாம்.

அங்குள்ள தீவுகள் ஏறக்குறைய 1,190. மக்கள் குடியிருப்பவை இருநூறுக்கும் குறைவு. 1972 ஆம் ஆண்டில் உல்லாசப் பயணத் தொழில் அங்கே தொடங்கியது. ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்பதே அதன் வழக்கமாயிற்று. விடுதியே தீவு, தீவே விடுதி. கடைத்தெரு இல்லை, வேறு உணவுச்சாலை இல்லை, அயல்வீடும் இல்லை. விடுதிக்காரர் வைத்ததே விலை. அவர் விட்டதே படகு.

சர்வதேச விமான நிலையமும் ஹுல்ஹுலே என்னும் தனித்தீவிலேதான் இருக்கிறது. 2018 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பாலம் அதனைத் தலைநகராகிய மாலேயுடன் இணைக்கின்றது. அண்மையிலுள்ள விடுதிகளுக்கு விசைப்படகு போகும். சேய்மையிலுள்ளவற்றுக்கு உள்நாட்டு விமானமும் படகுமாக மாறிச் செல்லவேண்டும். அன்றேல் நீரில் இறங்கும் சிறு விமானத்தில் ஏறவேண்டும். ஏறக்குறையப் பதினைந்து பேர் அமரும் இந்நீர்விமானம் பகலில் மாத்திரமே பறக்கும். விமானி கடற்பரப்பைக் கண்ணாற் கண்டே இறக்கவேண்டும் அல்லவா? ஆகவே பிற்பகல் மூன்றரை மணிக்குப் பின் வந்து சேர்வோர் பெரும்பாலும் அன்று செல்லவியலாது. இச்செய்தி விளம்பரத் தாள்களிலே பொடியெழுத்தில் இருக்கும். நீலக் கடலின் படமோ பக்கம் முழுவதையும் நிறைத்திருக்கும்.

எங்கள் மணவாழ்வு முப்பதாண்டு நிறைந்ததை முன்னிட்டு, மகன் தன் சம்பளத்தில் மிச்சம்பிடித்து, சேய்மையான ஒரு விடுதியில் இரண்டு இரவுக்குப் பணம் கட்டியிருந்தான். நண்பகலில் இறங்கவேண்டிய விமானம் நாலரை மணிக்கு இறங்கியது. நீர்விமானங்கள் யாவும் துறையிலே கட்டுண்டு கிடந்தன. விடுதியின் முகவராகிய இளைஞர் புன்னகையுடன் வரவேற்றார். குளிர்ந்த துவாலை தந்தார். பின்னர், நாளைக் காலையே பயணம் என்றும், அன்றிரவு மாலேயில் எங்கள் செலவிலே தங்கவேண்டும் என்றும், தவறிய இரவின் பணம் மீளாது என்றும் மிக இனிமையாகச் சொன்னார்.

"விமானம் தாமதித்தது உமது குற்றமன்று, எமது குற்றமும் அன்று. தண்டம் மாத்திரம் எம்முடையதோ?" என்று கேட்டேன். அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "பாவம், அந்தப் பிள்ளையை ஏனப்பா கேக்கிறியள்? அவனும் சம்பளத்துக்கு நிக்கிறவன்தானே" என்றாள் மனைவி. அவள் கூற்றிலே நியாயம் இருந்தது. ஆனால் என் வினாவுக்கு விடை இருக்கவில்லை.

மறுநாட் காலை வெறுங்காலுடன் விமானி ஏறினார், பறந்தோம். கீழே நீலமும் பச்சையுமாக விரிந்த பவளத்திட்டுக்களின் அழகை மறுத்தல் பாவம். விடுதியும் குறைசொல்ல இடமின்றி இருந்தது; எனினும் அறை பிற்பகல் இரண்டு மணிக்கே கிடைத்தது. வெயிலொளியை மிகுதியாகப் பெறுதற்பொருட்டு அவர்கள் கடிகாரத்தை மாலே நேரத்தினும் ஒரு மணி முன்தள்ளி வைத்திருந்தனர். இங்ஙனம் செய்யும் விடுதிகள் அங்கே பல. திரும்பும் நேரத்தை முதல்நாள் இரவிலேதான் அறிவித்தனர்: விடியற்காலை, காலையுணவுக்கு முன். இரண்டு இரவு என்று வாங்கிய விடுமுறை ஓரிரவாகச் சுருங்கியது.

அடுத்த மூன்று இரவும் மாஃபுஷித் தீவிலே. குடிமக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் இல்லங்கள் 2010 ஆம் ஆண்டளவிலிருந்தே பெருகின. என் பழைய மாணாக்கர் ஒருவர் அங்கே ஆசிரியர். அவர் ஆறு அறைகளுள்ள ஓரில்லத்தை ஏற்பாடு செய்திருந்தார். மாலேயிலிருந்து பொதுப்படகில் ஒன்றரை மணி நேரம், கட்டணமும் சொற்பம். அன்று கடல் கொந்தளித்தது. நாங்கள் துறைக்குப் போகுமுன்னரே இல்லத்தார் தொலைபேசியில் அழைத்து, "பொதுப்படகு இன்று இல்லை, விசைப்படகில் இரண்டிடம் சொல்லிவைத்துள்ளேன்" என்றார். மாஃபுஷித் துறையிலே தள்ளுவண்டியுடன் நின்றவரும் அவரே. படகுக்கூலிக்கு மேல் ஒரு சதமும் வாங்கவில்லை. அறை சிறியது, யன்னலைத் திறந்தால் அயல்வீட்டுச் சுவர். ஆயினும் மாசுஹுனி என்னும் சூரைமீன் தேங்காய்ச் சம்பலையும் ரொட்டியையும் உண்டபோது, பிறவூரில் இருக்கிறோம் என்னும் எண்ணமே எழவில்லை.

விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பது பழம்பொருள். புதிதாக வந்தவன் விருந்தினன். புதியவனாதலின் வழியறியான், அவனை வழிப்படுத்தலே ஓம்பலின் முதற்படி. திருவள்ளுவர் விருந்தோம்பலை ஒன்பதாம் அதிகாரமாக வைத்து, இனியவை கூறலை அதன் பின்னரே வைத்தார். முன்னதைக் கைவிட்டுப் பின்னதை மாத்திரம் பயிற்றினால், குளிர்ந்த துவாலையும் புன்னகையுமே எஞ்சும்.

செல்ல விரும்புவோர் காலையில் இறங்கும் விமானத்தையே தேர்ந்தெடுப்பாராக. பணம் கட்டுமுன் மூன்று வினாக்களை எழுத்திலே கேட்பாராக: அன்றைய கடைசிப் பயணம் எத்தனை மணிக்கு? அது தவறினால் இரவுச் செலவு யாருடையது? சொல்லும் நேரம் மாலேயினதா, விடுதியினதா? விடுதிக்காரர்க்கும் ஒரு விண்ணப்பம். அறையின் அழகைப் பெரிதாக அச்சிடும் அவர்கள், துறையின் நேரத்தையும் அதே அளவில் அச்சிடுவார்களாயின், குறைகளிற் பாதி தீரும். மற்றப் பாதிக்கு ஒரு தள்ளுவண்டியும் ஒரு தொலைபேசி அழைப்பும் போதும்.