இடைக்கால ஐரிஷ் இலக்கியத்திற் பெண் குரல் – ஒரு நோக்கு

இடைக்கால ஐரிஷ் இலக்கியத்திற் பெண்கள் நிறையவே பேசுகின்றனர். அரசி வாதிடுகின்றாள், காதலனை இழந்தவள் அரற்றுகின்றாள், முதியவள் தன் இளமையை எண்ணிப் புலம்புகின்றாள். ஆயின், இவற்றை ஏட்டில் எழுதிவைத்தோர் பெரும்பாலும் துறவிமடங்களைச் சார்ந்த ஆடவரேயாவர். எனவே, நாம் கேட்பது எவருடைய குரல் என்னும் வினா எழுதல் இயல்பே.

இவ்வினாவுக்கு விடைகாண அக்காலச் சட்டங்களை நோக்குதல் வேண்டும். 7ஆம், 8ஆம் நூற்றாண்டுகளில் எழுத்துருப் பெற்ற ஐரிஷ் சட்ட நூல்கள், சில விதிவிலக்குகள் நீங்கலாக, பெண்ணின் சாட்சியத்தை ஏற்கவில்லை. அதேவேளை, 700ஆம் ஆண்டளவில் தோன்றிய 'கோன் லானவ்னா' என்னும் சட்ட நூல், மணவுறவுகளைச் சொத்துக் கொணர்ந்தவர் யார் என்பதன் அடிப்படையில் வகைப்படுத்துகின்றது. பெண்ணின் சொல்லுக்கிருந்த மதிப்பு அவளது சொத்துடைமையோடு பிணைந்திருந்தமை இதனாற் புலனாகும்.

'கூலியின் ஆநிரை கவர்தல்' என்னும் காவியம் இவ்வகையில் நோக்கற்பாலது. 12ஆம் நூற்றாண்டு லென்ஸ்ரர் ஏட்டிலுள்ள அதன் வடிவம் ஒரு பள்ளியறை உரையாடலுடன் தொடங்குகின்றது. கொனக்ற் அரசி மேவும் கணவன் ஐலிலும் தத்தம் செல்வத்தை ஒவ்வொன்றாக ஒப்பிடுகின்றனர். யாவும் சமன், ஐலிலிடம் ஒரு வெண்கொம்புக் காளை மாத்திரமே மிகை. அக்காளை மேவின் மந்தையிற் பிறந்து, ஒரு பெண்ணின் உடைமையாயிருக்க விரும்பாது ஐலிலின் மந்தையைச் சேர்ந்ததாம்! அதற்கு நிகரான காளையைப் பெறவே மேவ் படையெடுக்கின்றாள். ஆகவே அவளது பேச்சு வெறும் செருக்கன்று. மணவுறவிற் சமநிலை கோரும் வழக்குரையாகும். எனினும், இறுதியிற் படை சிதறியபோது, பெண்ணின் தலைமையைப் பின்பற்றியதே கேட்டுக்குக் காரணமெனப் பெர்கஸ் என்னும் வீரன் வாயிலாகக் கதை தீர்ப்புக் கூறிவிடுகின்றது.

டெயர்ட்ரியின் கதை வேறொரு நிலையைக் காட்டுகின்றது. அவள் குரல் முதன்முதலிற் கேட்பது தாயின் வயிற்றினுள்ளிருந்து. அதற்குப் பொருள் கூறுபவனோ காத்பத் என்னும் ஆடவன். காதலன் நொய்சியைக் கொல்வித்த மன்னன் கொன்ஹோவரிடம் அவள் ஓராண்டு சிறைப்பட்டிருக்கின்றாள். அங்கு அவள் பாடும் இரங்கற்பாக்களில்தான் முதன்முறையாகத் தன் வாழ்வுக்குத் தானே பொருள் கூறுகின்றாள். பின்னர் பாறையில் தலைமோதி மாய்கின்றாள்.

900ஆம் ஆண்டளவிற் பாடப்பட்ட பேரா முதியவளின் புலம்பலிலோ, மன்னரோடு வாழ்ந்திருந்த ஒருத்தி, வற்றிச் செல்லும் கடலலையோடு தன் உடலை ஒப்பிடுகின்றாள். அவளைக் குறிக்கும் ஐரிஷ் சொல் 'முக்காடிட்டவள்' என்னும் பொருளில் தோன்றி, கன்னியாஸ்திரீக்கும் முதியவளுக்கும் பொதுவாயிற்று. துறவறத்தின் ஆறுதலை நாடியவளிடமும் இழந்த வாழ்வின் ஏக்கம் அடங்கவில்லை.

இக்குரல்களைப் பெண்களின் நேரடிக் கூற்றுகளெனக் கொள்வது பொருந்தாது; ஆடவர் புனைவெனத் தள்ளுவதும் பொருந்தாது. வழக்குமன்றம் ஏற்க மறுத்த பெண்ணின் சொல்லை அச்சமுதாயம் தன் இலக்கியத்தினின்றும் அகற்ற இயலவில்லை என்பதே இங்கு முக்கியமாகும்.