ரோமானிய வெள்ளிக்காசும் நம் வணிகர் தராசும்

கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842ஆம் ஆண்டு ஒரு புதையல் கிடைத்தது. அத்தனையும் ரோமானிய வெள்ளிக்காசுகள்! டினாரியஸ் என்பது அவற்றின் பெயர். மிளகுக்கும் மணிகளுக்கும் விலையாகக் கடல் கடந்து வந்தவை. கொங்கு நாட்டில் இத்தகைய புதையல்கள் பல கிடைத்துள்ளன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை அகஸ்டஸ், திபேரியஸ் என்ற இரு பேரரசர்களின் காசுகளே. திபேரியஸ் இறந்தது கி.பி. 37இல். வணிகம் அதன் பிறகும் நெடுங்காலம் நடந்தது. அப்படியானால் பிற்கால வெள்ளிக்காசுகள் ஏன் இவ்வளவு அரிதாயின?

விடை நீரோ மன்னனிடம் இருக்கிறது. அதுவரை ஒரு ரோமானிய ராத்தலுக்கு 84 காசுகள் அடித்தார்கள். கி.பி. 64இல் அவன் அதை 96 ஆக்கினான். காசின் எடை ஏறக்குறைய 3.9 கிராமிலிருந்து 3.4 கிராமுக்கு இறங்கியது. போதாதென்று, ஐந்தில் ஒரு பங்கு செம்பும் சேர்ந்தது. முகத்தில் அரசன் தலை இருந்தாலென்ன, நம் நாட்டில் அது வெறும் வெள்ளித் துண்டுதானே! எடை குறைந்ததைத் தராசு உடனே காட்டிவிடும். பழைய காசுக்கே இங்கு மதிப்பு என்றால், கப்பலில் ஏற்றுகிறவனும் பழையதைத்தானே பொறுக்கி ஏற்றுவான்?

எடைக்குத் தராசு உண்டு. செம்புக் கலப்பை எப்படி அறிவது? உரைகல்லில் உரசினால் தெரியாதா என்பீர்கள். அங்கேதான் சூழ்ச்சி. அச்சடிக்கும் முன் காசின் மேற்பரப்பிலுள்ள செம்பை நீக்கிவிடுவார்கள். மேலே நல்ல வெள்ளி, உள்ளே கலப்பு. இக்காலத்தில் எக்ஸ் கதிர் கொண்டு மேற்பரப்பை மட்டும் ஆராய்ந்தவர்கள்கூட வெள்ளியை அதிகமாகக் கணக்கிட்டுவிட்டார்கள். எங்கள் அரக்கோணத்துப் பத்தர்கள் இதில் கெட்டிக்காரர்கள். அரத்தால் சற்று ராவிவிட்டுத்தான் உரசுவார்கள்.

காசைக் காயப்படுத்தாமல் அறிய ஆர்க்கிமிடீஸ் வழி இருக்கிறது. வெள்ளியின் ஒப்படர்த்தி 10.5, செம்பினுடையது 8.96. நீரோவின் கலப்புக்குக் கணக்கிட்டால் சுமார் 10.15 வரும். 3.4 கிராம் காசு ஒன்றில் இதனால் ஏற்படும் கன அளவு வேறுபாடு ஒரு கன சென்டிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான். பள்ளித் தராசுக்கு அது எட்டாது. ஆனால் நூறு காசுகளை ஒரே கட்டாகக் கட்டி, நீரில் தொங்கவிட்டு நிறுத்துப் பாருங்கள்: அதே எடையுள்ள தூய வெள்ளியைவிட ஒரு கிராமுக்குச் சற்று அதிகமாகவே எடை குறைந்து காட்டும்.