கேம் சென்சார் பழுதும் காருடையவரின் உரிமையும்

பெங்களூரின் அல்சூர் ஏரியைச் சுற்றியுள்ள வீதிகளிலும் பழைய மதராஸ் சாலையிலும் காலை மாலை வேளைகளில் ஊர்ந்து செல்லும் வாகன வரிசையின் நடுவே, நன்றாகச் சூடேறிய ஒரு கார் திடீரென்று நின்றுபோய், சிறிது நேரம் ஆறவிட்டபின் ஒன்றும் நடவாததுபோல மறுபடியும் கிளம்புமானால், முதலில் சந்தேகிக்கத் தக்கவற்றுள் ஒன்று கேம்ஷாஃப்ட் பொசிஷன் சென்சார் என்னும் சிறு சாதனமாகும். பட்டறைகளில் இதைக் கேம் சென்சார் என்பார்கள். இதைச் சரிவரப் பரீட்சிக்காமலே மாற்றிவிட்டு, பழுது தீராமற்போகவே வேறொரு பாகத்தையும் மாற்றி, இரண்டுக்கும் கூலியோடு பணம் பெறும் வழக்கம் பரவியிருப்பதால், இதன் இயல்பையும் தம் உரிமையையும் காருடையவர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் அவசியம்.

கிராங்க்ஷாஃப்ட் இருமுறை சுழன்றால் கேம்ஷாஃப்ட் ஒருமுறை சுழலும். பிஸ்டன் உச்சிக்கு வந்துவிட்டது என்பதைக் கிராங்க் சென்சார் அறிவித்துவிடும். ஆனால், அந்த சிலிண்டர் அப்போது எரிபொருட் கலவையை அழுத்திக்கொண்டிருக்கிறதா, புகையை வெளியேற்றிக்கொண்டிருக்கிறதா என்பதை என்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர் தெரிந்துகொள்வது கேம் சென்சாரினாலேயே. அச்செய்தி தடைப்பட்டால், சில கார்கள் நெடுநேரம் செல்ஃப் அடித்தபின் கிளம்பும். சில கிளம்பவே கிளம்பா. ஓடுபவையும் இழுவை குறைந்து, அதிக எரிபொருளைக் குடிக்கும். ஓடும்போதே என்ஜின் நின்றுவிட்டால் ஸ்டியரிங் கனத்து, பிரேக்கும் ஓரிரு மிதிகளுக்குப் பின் இறுகிவிடும் என்பதே இதிலுள்ள பெரிய அபாயம். செக் என்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் விரைவில் பட்டறைக்குப் போகலாம். விட்டுவிட்டு மின்னினாலோ, எரியாத எரிபொருள் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துக்கொண்டிருக்கக்கூடும் என்பதால், காரை ஓரங்கட்டி நிறுத்துவதே உசிதம்.

இனிப் பரீட்சையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். டாஷ்போர்டின் அடியிலுள்ள 16 முனைச் செருகியில் ஸ்கேனரைப் பொருத்தியதும் பி0340 என்ற குறியீடு தோன்றுமானால், கேம் சென்சாரின் மின்சுற்றில் எங்கோ கோளாறு இருக்கிறது என்பதே அதன் பொருள். சென்சார் கெட்டுவிட்டது என்று அது சொல்வதில்லை. எலி கடித்த வயர், மழைநீர் புகுந்து பச்சை பூத்த கனெக்டர், உள்ளே கசிந்த எண்ணெய், தளர்ந்த எர்த் ஆகிய எதுவும் அதே குறியீட்டை எழுப்பும். பி0016 தோன்றினாலோ, கேமும் கிராங்க்கும் தம்முள் பொருந்தவில்லை என்று கொண்டு, நீண்டுபோன டைமிங் செயினையும், பழசாகிப்போன எண்ணெயையும் நோக்க வேண்டும். அங்கே புதுச் சென்சார் ஒரு பயனும் தராது. ஆகவே, நேர்மையான மெக்கானிக் முதலில் கனெக்டரைக் கழற்றிப் பார்ப்பார். பிறகு சாவியைத் திருப்பி, மூன்று வயர் உள்ள சென்சாரானால் ஒரு வயரில் 5 வோல்ட்டோ, சில கார்களில் 12 வோல்ட்டோ வருகிறதா என்றும், எர்த் உறுதியாக இருக்கிறதா என்றும் மல்டிமீட்டரால் அளப்பார். செல்ஃப் அடிக்கும்போது மூன்றாவது வயரில் சிக்னல் ஏறி இறங்குகிறதா என்றும் கவனிப்பார். சூட்டில் மட்டும் தவறும் சென்சார் குளிர்ந்த நிலையில் குற்றமற்றதாகவே காணப்படும் என்பதால், என்ஜின் சூடேறியபின் மறுபடி சோதிப்பது இன்றியமையாதது. மின்சாரமும் எர்த்தும் சரியாக வந்து, வயரிங்கும் செயினும் பழுதின்றி இருந்தும், சிக்னல் வரவில்லையானால்தான் சென்சாரை மாற்ற நியாயம் பிறக்கிறது.

இச்சோதனை நடந்ததா என்று கேட்பது உதவி கோருவதாகாது. அது பணம் கொடுப்பவரின் உரிமை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சேவையிலுள்ள குறைபாட்டுக்கு நிவாரணம் வழங்குவதோடு, பில் கொடுக்க மறுப்பதை நியாயமற்ற வணிக நடைமுறையாகவும் கருதுகிறது. ஆதலால், வேலை தொடங்குமுன் எஸ்டிமேட்டையும், முடிந்தபின் ஸ்கேனர் குறியீடு, மாற்றிய பாகத்தின் எண், கூலி ஆகியவை தனித்தனியே குறித்த பில்லையும், கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

கம்பெனி சர்வீஸுக்கு வெளியே தொட்டாலே வாரண்டி போய்விடும் என்ற அச்சம் அநேகரிடம் இருக்கிறது. இந்த அச்சத்துக்கு விடையாக ஓர் உத்தரவு உண்டு. ஷம்ஷேர் கட்டாரியா என்பவரின் புகாரின்மேல், 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு ஏறத்தாழ 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அவை உதிரிபாகங்களையும் பரிசோதனைக் கருவிகளையும் தனிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் தடுத்தன என்பதே அதன் முடிவு. அபராதத்தின்மீது மேல்முறையீடுகள் எழுந்தன என்பது உண்மையே. எனினும், வெளியே பழுது பார்த்ததற்காக வாரண்டி முழுவதையும் ரத்து செய்யலாகாது என்றும், தவறான வேலையால் நேர்ந்த சேதத்தின் அளவுக்கு மட்டுமே மறுக்கலாம் என்றும் அந்த உத்தரவு கூறிய நெறி, அல்சூரின் சிறு பட்டறைக்காரருக்கும் அவரை நம்பி வருபவருக்கும் ஒருங்கே காப்பாக அமைகிறது என்பது என் அபிப்பிராயம்.

மாற்றியபின்னும் அதே பழுது திரும்பினால், முதலில் பட்டறைக்கு எழுத்து மூலம் தெரிவித்து, வேறொரு மெக்கானிக்கின் எழுத்து மூலமான கருத்தையும் பெற்றுவைக்க வேண்டும். பதில் வராவிடில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணாகிய 1915-ஐ அழைக்கலாம். தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம். அதனாலும் தீராவிடில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரையானால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, பட்டறை எவ்வூரில் இருப்பினும் புகார்தாரர் வசிக்கும் இடத்தின் ஆணையத்திலேயே மனுச் செய்யலாம். வழக்குக்குரிய காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு சேர்ந்தாக வேண்டும். பில், ஸ்கேனர் அறிக்கை, அனுப்பிய கடிதம் ஆகியவற்றின் நகல்கள் அதனோடு இணைந்திருக்க வேண்டும்.