இரத்தப் புற்றுநோய் பரம்பரை நோயா?

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பர் பெரியோர். அச்செல்வத்தை இழந்தவரை நோயை விட ஊரார் பேச்சே அதிகம் வருத்துவதுண்டு. இராயபுரத்தில் எங்கள் தோழி ஒருத்தியின் தந்தைக்கு நாட்பட்ட இரத்தப் புற்றுநோய் என்று தெரிய வந்தது. "அது குடும்ப வியாதி, பிள்ளைகளுக்கும் வரும்" என்று யாரோ சொல்ல, அவளுடைய அக்காவைப் பெண் பார்த்துச் சென்ற மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கி விட்டனர். இப்பேச்சில் உண்மை உண்டா என்று அறிய விரும்பினோம்.

நம் இரத்த அணுக்கள் எலும்பு மஜ்ஜையில் பிறக்கின்றன. வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதே லுகேமியா. விரைந்து தாக்குவது ஒரு வகை. ஆண்டுக்கணக்கில் மெல்ல வளர்வது நாட்பட்ட வகை. நாட்பட்ட வகையிலும் முக்கியமானவை இரண்டு.

முதலாவது மைலாய்டு வகை. எங்கள் தோழியின் தந்தைக்கு வந்தது இதுவே. 1960 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் நோவெல், ஹங்கர்போர்டு என்னும் இருவர், இந்நோயாளிகளின் இரத்த அணுக்களில் குறுகிப்போன ஒரு குரோமோசோமைக் கண்டனர். 9 ஆம், 22 ஆம் குரோமோசோம்கள் தம் துண்டுகளை இடம் மாற்றிக் கொள்வதே இதற்குக் காரணம் என்று 1973 இல் ஜேனட் ரௌலி என்னும் பெண்மணி விளக்கினார். இம்மாற்றம் பிறவியிலேயே வருவதன்று. பிற்காலத்தில் மஜ்ஜையிலுள்ள ஓர் அணுவில் நேர்வது.

வகுப்பில் ஒருத்தி தன் நோட்டில் பிழையாக எழுதினால், அவளைப் பார்த்து எழுதுவோர் நோட்டிலெல்லாம் அப்பிழை பரவும். ஆனால் அடுத்த ஆண்டு மாணவியர் கைக்குப் போகும் பாடநூலில் அப்பிழை இராது அல்லவா? அதுபோலவே, பெற்றோர் பிள்ளைக்குத் தரும் 23 குரோமோசோம்களில் இப்பிழை இல்லை. உருவொத்த இரட்டையரில் ஒருவருக்கு இந்நோய் வந்தும் மற்றவர் நலமாக இருப்பதை மருத்துவர்கள் கண்டுள்ளனர். 1945 இல் ஹிரோஷிமாவில் குண்டுவீச்சுக்கு உள்ளாகிப் பிழைத்தோரிடையே லுகேமியா பெருகியது. அவர்களுக்குப் பின்னர் பிறந்த பிள்ளைகளிடம் அவ்வாறு பெருகவில்லை.

இரண்டாவது லிம்போசைட்டிக் வகை. இது பெரும்பாலும் முதியோருக்கு வருவது. இதில் பரம்பரைக்குச் சிறிது பங்கு உண்டு என்பதை மறைக்கலாகாது. நோயாளியின் பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தோருக்கும் இது வரும் வாய்ப்பு மற்றவரை விடச் சில மடங்கு அதிகம். ஆயினும், அரிதான ஒன்று சில மடங்கு கூடினாலும் அரிதே. அவர்களிலும் மிகப் பெரும்பாலோர்க்கு இந்நோய் வருவதேயில்லை. காரணமின்றி உடல் மெலிதல், நீங்காத களைப்பு, கழுத்திலோ அக்குளிலோ கட்டி ஆகியவை தோன்றினால் மருத்துவரிடம் காட்டுவதே போதும்.

மைலாய்டு வகைக்கு 2001 முதல் இமாடினிப் என்னும் மாத்திரை வழங்கப்படுகிறது. அம்மருந்தின் ஒரு வடிவத்துக்குச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 இல் காப்புரிமை மறுத்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் அம்முடிவையே உறுதி செய்தது. அதனால் நம் நாட்டு நிறுவனங்கள் அம்மருந்தைக் குறைந்த விலையில் விற்க முடிகிறது.

தோழியின் தந்தை இன்று நாள் தவறாமல் அம்மாத்திரையை உண்டு, துறைமுக வேலைக்குச் சென்று வருகிறார். அக்காவுக்கு மட்டும் இன்னும் வரன் அமையவில்லை. பெற்றோர்களே, தோழியரே! நோய்க்கு மருந்து கிடைத்துவிட்டது. வீண் பேச்சை நிறுத்துவது நம் பொறுப்பன்றோ?