ஆன்லைனில் வீட்டு பிளான் அனுமதி: வேம்பார் கடற்கரைக்காரர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

வேம்பார்:

வீடு கட்ட பிளான் அப்ரூவல் வாங்குவது என்றாலே பலருக்கு வயிற்றைக் கலக்கும். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு ஆபீசுக்குப் போனால், "நாளைக்கு வாங்க" என்று பதில் வரும். நடுவில் புரோக்கருக்கும் ஒரு தொகை அழ வேண்டும்.

இந்த அலைச்சலைக் குறைக்கத்தான் தமிழக அரசு 2024 ஜூலை 22ந் தேதி சுயசான்று திட்டத்தைக் கொண்டு வந்தது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் (சுமார் ஐந்தே முக்கால் சென்ட்), 3,500 சதுர அடிக்குள் தரைத்தளம் அல்லது தரைத்தளத்தோடு ஒரு மாடி கட்டுபவர்கள் இதில் விண்ணப்பிக்கலாம். மீன்பிடித்தும் பனையேறியும் சேர்த்த காசில் சின்னதாக வீடு கட்டுபவர்களுக்கு இந்த அளவு தாராளம்.

ஒற்றைச் சாளர இணையதளத்தில் பத்திரம், பட்டா, வீட்டு வரைபடம், இடத்தின் போட்டோ ஆகியவற்றை ஏற்றி, கட்டணத்தையும் அதிலேயே கட்டினால் அனுமதி உடனே வந்துவிடும். முன்கூட்டியே இடத்தைப் பார்க்க யாரும் வரமாட்டார்கள். பரிசீலனைக் கட்டணம் கிடையாது. வீட்டை முடித்த பிறகு பணி நிறைவுச் சான்றும் கேட்கமாட்டார்கள்.

கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து பத்து நிமிடத்தில் முடித்துவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல்.

அதிகாரி பார்த்து சரி சொல்வது பழைய முறை. இப்போது "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று உறுதிமொழி கொடுப்பவர் வீட்டுக்காரர். சொன்னது பொய் என்று பின்னால் தெரிந்தால் அனுமதி ரத்தாகும். பாதி கட்டிய சுவரும் கடன் வாங்கிய பணமும் அவர் தலையில்தான் விழும். டைப் அடித்துக் கொடுத்த தம்பி பொறுப்பேற்க மாட்டார்!

கடலிலிருந்து எத்தனை மீட்டர்?

வேம்பாரைப் போன்ற கடலோர ஊர்களில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். கடல் நீர் ஏறும் உயர்மட்டக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம். 2011 அறிவிக்கைப்படி கிராமப்புறக் கடற்கரையில் முதல் 200 மீட்டருக்குள் புது வீடு கட்ட பொதுவாகத் தடை உண்டு. பாரம்பரிய மீனவர் வீடுகளுக்கு மட்டும் 100 முதல் 200 மீட்டருக்குள் வழி வைத்திருக்கிறார்கள். அதற்கும் அரசின் தனித்திட்டம் வேண்டும்.

2019 அறிவிக்கை, சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வசிக்கும் நெருக்கமான கிராமப் பகுதிகளுக்கு இந்த 200 மீட்டரை 50 ஆகக் குறைத்தது. அதுவும் புதிய மண்டல வரைபடம் ஒப்புதல் பெற்றால்தான் செல்லும். ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் கட்டியிருக்கிறாரே என்று இறங்கிவிடக் கூடாது. அவர் வீடு முதல் அறிவிக்கை வந்த 1991க்கு முன்பே நின்றிருக்கலாம். ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிய மனைக்கும், அலை நீர் ஏறும் தூரம் வரை கட்டுப்பாடு உண்டு.

மனையின் சர்வே எண்ணைக் கொண்டு போய், தூத்துக்குடி மாவட்ட கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்திடம் வரைபடத்தில் எங்கே விழுகிறது என்று கேட்டுவிட வேண்டும். விண்ணப்பத்தை அதற்குப் பிறகு போட்டால் போதும். அனுமதி பெறாத மனைப்பிரிவில் வாங்கியவர்களுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. 2016 அக்டோபர் 20ந் தேதிக்குள் பதிவான மனையா என்று பத்திரத்தைப் புரட்டிப் பார்த்து, முதலில் மனையை வரன்முறை செய்ய வேண்டும். அதற்குப் பிறகுதான் பிளான்.